முதலை வாயிலிருந்து மீண்ட பிள்ளைக்கு என்ன வயது?

கெட்டுப்போன வேலையைச் சரிசெய்யச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறவர்கள், டீத்தண்ணி கொடுப்பதற்கு முன்னாலேயே ஒன்றைக் கேட்டுவிடுவார்கள்: "பழையபடி ஆயிடுமுங்களா?" ஆகும், ஆகாது என்று இரண்டில் ஒன்றைச் சொன்னால்தான் அவர்களுக்கு மனசு ஆறும். நான் இரண்டையும் சொல்வதில்லை. "எந்தப் பழையபடிங்க?" என்று திருப்பிக் கேட்பேன். போன வருஷம் இருந்தபடியா, உங்கள் அப்பாரு காலத்தில் இருந்தபடியா, ஆசாரி இழைத்துப் போட்ட அன்றைக்கு இருந்தபடியா? முகத்தை ஒரு மாதிரி பார்ப்பார்கள். கூலி பேச வந்த ஆள் குதர்க்கம் பேசுகிறான் என்று தோன்றும்போல.

எனக்குத் தொழில் மரப் பாலிஷ். கோயம்புத்தூர்ச் செல்வபுரத்தில் குடியிருக்கிறேன். திருவாவடுதுறை ஆதீனம் ஊர் ஊராக நடத்துகிற சைவ சித்தாந்த வகுப்பில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் படித்தவன். பாலிஷ்காரனுக்கு ஆணவம், கன்மம், மாயை எல்லாம் எதற்கு என்று கூட வேலை செய்கிற பையன்கள் சிரிப்பார்கள். அந்த மூன்றுக்கும் மலம் என்று பெயர்; மலம் என்றால் அழுக்கு. மெய்கண்டார் காலத்திலிருந்து எழுநூறு வருஷத்துக்கு மேலாகச் சித்தாந்திகள் அழுக்கைப் பற்றியே யோசித்திருக்கிறார்கள். அழுக்கெடுக்கிறவன் அவர்களிடம் போய்ப் படிக்காமல் வேறு யார் படிப்பது?

மரத் தரைக்கும் பாலிஷ் போடுவேன். கொங்கு நாட்டில் மரத் தரை ஏது என்று கேட்கலாம். நம் ஊர்த் தரை சாணி மெழுகிய தரை. கொஞ்சம் வசதி வந்தபோது காவி போட்ட சிமிட்டித் தரை. இப்போது எங்கும் டைல்ஸ். ஆனால் மச்சு வைத்த பழைய தோட்டத்து வீடுகளில் மரப்படி ஏறி மேலே போனால் காலுக்கடியில் பலகை இருக்கும். பொள்ளாச்சிக்குத் தெற்கே போகப் போக அந்தப் பலகை தேக்காக இருக்கும். ஆனைமலை பக்கத்திலேயே இருக்கிறதே. டாப்சிலிப் என்ற பெயரே மலை மேட்டிலிருந்து மரத்தைச் சறுக்கிவிட்டதால் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் துறைக்கு இந்த மலைத் தேக்கு போயிற்று. வெட்டி வெட்டி மலை மொட்டையான பிறகு, 1915இல் ஹியூகோ வுட் என்கிற வன அதிகாரி அங்கே வந்தார். பை நிறையத் தேக்கு விதையோடு நடப்பாராம். கைத்தடியால் குழி குத்தி ஒரு விதை, நாலடி தள்ளி இன்னொன்று. மரத்தை வேரோடு பெயர்க்கவிடாமல், அடிக்கட்டையை விட்டு வெட்ட வைத்து, அதிலிருந்தே தளிர் வரப் பார்த்துக்கொண்டார். 1933இல் அவர் இறந்தபோது அவர் வளர்த்த தேக்குகளுக்கு நடுவிலேயே அடக்கம் செய்தார்கள். அவரும் கெட்டுப்போன வேலையைச் சரிசெய்ய வந்தவர்தான் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

நான் சொல்ல வந்த வீடு வேட்டைக்காரன்புதூர்ப் பக்கம். 1930களில் கட்டிய மச்சு. ஓர் அங்குலக் கனத்தில் தேக்குப் பலகை. ஒரு பலகையின் நாக்கு அடுத்ததன் காடிக்குள் போய் உட்காரும்படி கோத்தது. வீட்டில் வயதான ஆத்தா ஒருவர், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன். பேத்தி கல்யாணத்துக்கு வீட்டைப் புதுசாக்குகிறேன் என்று மகன் ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்திருக்கிறார். அந்த ஆளின் பெயர் எனக்கு எதற்கு? வேலையே அவர் யார் என்று சொல்லிவிட்டது.

மத்தியானம் போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சன்னலைச் சாத்திவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து வெளிச்சம் அடிக்க வேண்டும். அடித்தேன். தரை முழுக்க அலை. உருளையில் உப்புத்தாள் சுற்றிய மிஷினை ஓட்டிக்கொண்டே கீழே இறக்க வேண்டும், ஓட்டிக்கொண்டே தூக்க வேண்டும். நின்ற இடத்தில் இறக்கினால் அந்த இடத்தில் மரத்தைத் தின்றுவிடும். இவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றிருக்கிறார். 40 நம்பர் தாளில் ஆரம்பித்தால் 60, 80, 100 என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். இவர் நாற்பதிலிருந்து நேரே 120க்குத் தாவியிருக்கிறார். அடித்தாளின் கீறல் அப்படியே நின்றது. சுவரோரத்தில் கை மிஷினின் வட்ட வட்டக் கீறல். இதையெல்லாம் மறைக்கக் கறுப்புக்கு நெருக்கமாக ஒரு வால்நட் சாயம். அதற்கு மேல் பி.யூ. என்கிற பாலியூரித்தேன் பூச்சு. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே அடிக்காவிட்டால் மேல்பூச்சு பிடிக்காது. இவர் துடைக்கவில்லை. நகத்தால் நெருடினால் கண்ணாடித் தாள் மாதிரி உரிந்து வந்தது.

"இன்னொரு தடவை மிஷின் விட்டு மொத்தமா எடுத்துருங்ணா. செலவு பத்திப் பாக்க வேண்டாம்," என்றார் மகன்.

அவரைக் கூட்டிக்கொண்டு போய், படி ஏறி வருகிற வாய்ப்பக்கம் பலகையின் வெட்டுமுகத்தைக் காட்டினேன். சுவருக்கு அடியில், மிஷின் எட்டாத இடத்தில் முழுசாக ஓர் அங்குலம். நடுவில் காடிக்கு மேலே மிச்சமிருந்தது ரெண்டு மில்லி இருந்தால் அதிகம். சில இடத்தில் ஆசாரி உள்வாங்கி அடித்த ஆணித் தலைகள் மேலே வந்து பளபளத்தன. இன்னொரு தடவை அதே மிஷினை விட்டால் காடியின் உதடு பிளந்துவிடும். முதல் ஆள் செய்த தவறைவிட, அந்தத் தவறைத் துடைத்து எறிகிறேன் என்று கிளம்புகிற இரண்டாவது ஆள் செய்வது பெரிய சேதமாகிவிடும். இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்த்தது இந்த இரண்டாவது சேதத்தைத்தான்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சித்தாந்தம் கைகொடுத்தது.

உயிரில் ஒட்டிய அழுக்கு என்ன ஆகும் என்று கேட்டால், நம் நாட்டில் மூன்று விடை உண்டு. அத்வைத வேதாந்தியைக் கேட்டால், அழுக்கே கிடையாது, இருப்பதுபோலத் தோன்றுகிறது, அறிவு வந்தால் தோற்றம் போய்விடும் என்பார். சமணரைக் கேட்டால், அழுக்கு நிஜம், கர்மம் நுண்ணிய துகளாக உயிரில் வந்து படிகிறது, தவத்தால் கடைசித் துகள்வரை உதிர்த்துவிடலாம் என்பார். விஜயமங்கலத்துச் சமணக் கோயிலும், கொங்கு வேளிரின் பெருங்கதையும், பவணந்தியின் நன்னூலும் நம் மண்ணில் அந்த மதம் எவ்வளவு ஊன்றி நின்றது என்பதற்குச் சாட்சி. மூன்றாவது நம் சித்தாந்திகளின் விடை. முதன்முதலில் கேட்கும்போது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஆணவ மலம் உயிரோடு என்றைக்கோ வந்து சேர்ந்தது அல்ல, செம்பில் களிம்பு போல என்றைக்கும் சேர்ந்தே இருப்பது. அது முத்தியிலும் அழியாது. அதன் சத்தி மட்டும் மடங்கிவிடும். இருக்கும், ஆனால் மறைக்க மாட்டாது. உமாபதி சிவம் திருவருட்பயனில் இருண்மல நிலை என்று பத்துக் குறளை இந்த மலத்துக்கே ஒதுக்கியிருக்கிறார்.

வகுப்பில் இதைக் கேட்டபோது ஒரு பெரியவர் எழுந்து, "அப்ப முத்தி அடைஞ்சும் அழுக்கோடதான் இருக்கணுமா?" என்று சண்டைக்கே போய்விட்டார். எனக்கு அது சண்டையாகத் தெரியவில்லை. தொழில் தெரிந்த யாரோ சொன்ன மாதிரி இருந்தது. ஏனென்றால் கறை வேறு, கறை செய்கிற கெடுதல் வேறு. கெடுதலை நிறுத்திவிடலாம். கறையை அடிவரை தேடிக்கொண்டு போனால் பலகை போய்விடும்.

அந்த மச்சில் அப்படி ஒரு கறை இருந்தது. தெற்குச் சுவரோரம், இரும்புப் பெட்டி இருந்த இடத்தில் நாற்சதுரமாகக் கறுப்பு. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் ஈரத்தில் கூடினால் கறுக்கும். கடுக்காயோடு அன்னபேதி சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினதும் இதே வித்தைதான். கான்ட்ராக்டர் மிஷினை வைத்து அந்த இடத்தைத் தோண்டியே பார்த்திருக்கிறார். பள்ளம்தான் விழுந்தது, கறுப்பு போகவில்லை. எனக்கு அந்தக் கறை ஓர் அழகாகவே பட்டது. ஆத்தாவுக்கு அப்படி இல்லை.

"அத மட்டும் எடுத்துருங்க தம்பி. அந்தப் பொட்டியாலதான் அண்ணந் தம்பிக்குள்ள பேச்சுவார்த்தை அத்துப்போச்சு. பாகம் பிரிச்ச அன்னைக்கு அதுக்கு முன்னாலதான் ரெண்டு பேரும் நின்னாங்க."

ஆக்ஸாலிக் ஆசிட்டைச் சுடுதண்ணீரில் கரைத்து, துணியில் தொட்டுப் போட்டேன். ஆணியைச் சுற்றியிருந்த கறுப்பெல்லாம் கண் முன்னே வெளுத்தது. பெட்டிச் சதுரம் பாதி இறங்கியது; அதற்கு மேல் அசையவில்லை. திரும்பத் திரும்ப ஆசிட் போட்டால் மரம் சோகை பிடித்த மாதிரி வெளுத்துவிடும். இதற்கு மேல் வேண்டாம் ஆத்தா என்றேன். சித்தாந்தத்தையும் கொஞ்சம் எடுத்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"அப்பச் செவனே வந்து தேச்சாலும் போகாதுங்கறீங்க."

"போகாதுங்க ஆத்தா. பல்லுப் புடுங்கின பாம்பாட்டம் கெடக்கும்."

"கெடந்துட்டுப் போவுட்டும். கடிக்காம இருந்தாச் செரி."

அதற்கு மேல் ஒரு உரையாசிரியர் வேண்டுமா என்ன?

பி.யூ. படலத்தைக் கரைப்பானும் சுரண்டு தகடும் வைத்துக் கையாலேயே எடுத்தோம். அலையின் மேட்டை மட்டும் சுரண்டினோம், பள்ளத்தைத் தொடவில்லை. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் கையை வைத்துத் தடவினால் இன்னும் தெரியும். கால் வைத்து நடந்தால் தெரியாது. அப்புறம் பூச்சுக்கு முன்னால் சன்னல்களைத் திறந்துபோட்டு வெயில் பட விட்டோம். புதிதாகச் சுரண்டிய தேக்கு திட்டுத் திட்டாக, பார்க்கச் சகிக்காது. வெளிச்சம் படப் படத் தானாகவே நிறம் கூடி ஒன்றுபோல ஆகும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. சாயம் அடிப்பது குறுக்கு வழி மாதிரி தெரியும், அவ்வளவுதான். சித்தாந்திகள் மலபரிபாகம் என்பார்கள். மலம் பக்குவப்பட்டால்தான் அருள் பதியும். பக்குவம் வருவதற்குள் பதித்துவிடப் பார்த்தார் மகன். கல்யாணத் தேதி இருக்கிறதே. ஆத்தா தலையிட்டதால் கல்யாணம் மச்சுக்குக் கீழேயே நடந்தது.

இனி தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவிநாசிக்காரர்களுக்குக் கதை தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுந்தரமூர்த்தி நாயனார் திருப்புக்கொளியூருக்கு, அதாவது அவிநாசிக்கு, வருகிறார். ஒரு வீட்டில் மங்கல ஒலி. எதிர் வீட்டில் அழுகை. விசாரித்தால், இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகக் குளிக்கப் போனவர்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. தப்பியவனுக்கு இன்றைக்குப் பூணூல் கல்யாணம். பிள்ளையைப் பறிகொடுத்த அந்தணரும் அவர் மனைவியும், தங்கள் துயரத்தை மறைத்துக்கொண்டு சுந்தரரை வணங்க வருகிறார்கள். சுந்தரர் குளக்கரைக்குப் போகிறார். குளம் வற்றிக் கிடக்கிறது. அவர் பதிகம் பாட, தண்ணீர் நிறைந்து, முதலை வந்து, பிள்ளையைக் கரையில் உமிழ்ந்துவிட்டுப் போகிறது.

இதுவரை எல்லாரும் சொல்வார்கள். நான் நிற்பது அடுத்த வரியில். கரைக்கு வந்த பிள்ளை, முதலை விழுங்கிய அன்றைக்கு இருந்த சின்னப் பையனாக வரவில்லை. இடைப்பட்ட வருஷங்களின் வளர்ச்சியோடு வருகிறான். இந்நேரம் உயிரோடு இருந்திருந்தால் என்ன வயதோ, அந்த வயது. சேக்கிழார் இதை மறக்காமல் சொல்லியிருக்கிறார். மனுஷன் கற்பனை செய்திருந்தால் தொலைந்த அன்றைக்கு இருந்த பிள்ளையைத்தான் திருப்பிக் கேட்டிருப்பான். அம்மாவின் மனசில் நிற்பது அந்த முகம்தானே. இறைவன் காலத்தைப் பின்னால் தள்ளவில்லை. போன வருஷங்களையும் சேர்த்துத் தந்தான். அதனால்தான் சுந்தரர் அவனுக்கும் உடனே பூணூல் கல்யாணம் செய்து வைக்க முடிந்தது.

இதை வைத்துப் பார்த்தால், "பழையபடி" என்று நாம் கேட்பது கடவுளே செய்யாத ஒரு வேலை. தொண்ணூறு வருஷத் தரையை ஒரு நாள் வயதுத் தரையாக்கித் தா என்கிறோம். மீட்பது என்றால், அந்தத் தரை கெடாமல் இருந்திருந்தால் இன்றைக்கு எப்படி இருக்குமோ அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுவது. தொண்ணூறு வருஷத் தேய்மானமும் நிறமும் அதில் இருக்கத்தான் வேண்டும்.

இன்னொரு கதை என் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேரூரில் பட்டீசுவரர் திருமேனியில் கன்றின் குளம்படி பதிந்திருப்பதாகத் தலபுராணம். காமதேனு புற்றில் பால் சொரிந்து வழிபட, அதன் கன்று பட்டி ஓடியாடும்போது கால் இடறிப் புற்று சிதைந்துவிடுகிறது. காமதேனு நடுங்கிப்போகிறது. சுவாமி அந்தச் சுவட்டைச் சரிசெய்து கொள்ளவில்லை. அதை ஏற்று, கன்றின் பெயரையே தன் பெயராகவும் வைத்துக்கொண்டார். சிற்பி செய்த விக்கிரகம் பின்னப்பட்டால் பூசைக்கு ஆகாது, மாற்ற வேண்டும் என்று ஆகமம் சொல்கிறது. அதே ஆகமம், தானாகத் தோன்றிய சுயம்பு சிதைந்தாலும் அதை மாற்றக் கூடாது என்கிறது. எதை மாற்றலாம், எதோடு வாழ வேண்டும் என்று பிரித்துப் பார்க்கிற கண் அந்த விதியில் இருக்கிறது.

அந்தக் கண்ணை இடையில் எங்கேயோ தொலைத்தோம். சில பத்தாண்டுகளுக்கு முன் திருப்பணி என்றால் கம்ப்ரஸர் வந்து நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் ஏறிய கல் தூண்களில் அழுத்தக் காற்றோடு மணலை வீசி அடிப்பார்கள். கல் ஒரு மத்தியானத்தில் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும், கமிட்டிக்காரர்கள் பூரித்துப்போவார்கள். ஸ்தபதி மாசக்கணக்கில் தேய்த்து ஏற்றிய வழவழப்பு அதோடு போயிற்று. அம்மன் சிலையின் மூக்கு நுனி மழுங்கியது. கல்வெட்டு எழுத்தின் விளிம்பு தேய்ந்து படிக்க முடியாமல் ஆனது. சொரசொரப்பான கல்லில் எண்ணெய் முன்னைவிடச் சீக்கிரம் பிடிக்கும் என்பது வேறு. எதிர்ப்புக் கிளம்பி, இப்போது அதற்குத் தடை இருக்கிறது. 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் கோயில்களையும் புராதனச் சின்னங்களையும் காப்பது பற்றி 75 கட்டளைகள் கொண்ட தீர்ப்பே கொடுத்தது. இந்த வியாதி நமக்கு மட்டும் வந்ததல்ல. இங்கிலாந்தில் பழைய சர்ச்சுகளைப் புதுப்பிக்கிறோம் என்று சுவரைச் சுரண்டித் தள்ளியதைப் பார்த்துப் பொறுக்காமல், வில்லியம் மாரிஸ் 1877இல் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். அதன் செல்லப் பெயர் ஆன்ட்டி ஸ்கிரேப். சுரண்டாதே சங்கம்! கோயம்புத்தூரில் ஒரு கிளை திறந்தால் சந்தா கட்ட நான் தயார்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். ஆகமப்படி திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்கிறார்கள். கலாகர்ஷணம் பண்ணி, மூலவரிடமிருந்து சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கும், பிறகு பலகையில் எழுதிய உருவுக்கும் மாற்றிவிடுகிறார்கள். வேலை நடக்கிற நாளெல்லாம் சுவாமி அங்கேதான். அப்படியானால் உளி படுகிற கல் வெறும் கல்தானே, எவ்வளவு சுரண்டினால் என்ன?

சுவாமிக்கு ஒன்றும் இல்லைதான். ஆனால் அந்தக் கல் சுவாமிக்கு மட்டும் சொந்தமில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன் எவரோ ஒருவர் ஒரு விளக்கு எரிய ஆடுகளைக் கொடுத்து, சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆடும் இல்லை, விளக்கும் இல்லை. அவர் பேச்சு மட்டும் மிச்சம். அதை மணல் வீசி அழிப்பது செத்தவருக்குக் கொடுத்த வாக்கை மீறுவது. சுவாமியைக் கும்பத்துக்கு மாற்றலாம். விளக்கு வைத்த அந்த மனுஷரை எங்கே மாற்றுவது? மச்சுப் பலகையில்கூட, இழைப்புளி ஓடிய மெல்லிய குழிவு ஒன்று ஆசாரியின் கையளவில் இருக்கும். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அந்தக் குழிவைத்தான் மிஷின் முதலில் தின்கிறது.

முன்னோர்கள் செய்த வேலையெல்லாம் நிரந்தரம் என்று பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. முன்னோர்களின் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருந்தது. கருவறையில் திருமேனியைப் பீடத்தோடு பொருத்தச் சாத்துகிற அஷ்டபந்தனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். எட்டையும் சேர்த்து இடித்து இடித்து மெழுகுப் பதத்துக்குக் கொண்டுவருவார்கள். நாளானால் அது இறுகி வெடிக்கும் என்று தெரிந்தேதான் செய்தார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துவிட்டுப் புதிதாகச் சாத்த வேண்டும் என்பது ஏற்பாடு. எடுக்கும்போது கல்லுக்குச் சேதமில்லை. சிமென்ட் வைத்துப் பூசிவிட்டால் அப்படியா? பிரெஞ்சு பாலிஷும் அந்தக் கொம்பரக்கில் பிறந்ததுதான். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுகிறோம்; என் பேரன் வந்து ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் நான் பூசியது போய்விடும், மரம் அப்படியே இருக்கும். பி.யூ. அப்படி ஸ்பிரிட்டில் கரையாது. இந்த மச்சில் சரியாகப் பிடிக்காததால் கையாலேயே வந்தது; நன்றாகப் பிடித்த பி.யூ. கெட்டால் பெரும்பாலும் மரத்தோடு சேர்த்துத்தான் சுரண்டியாக வேண்டும். பி.யூ. மோசமான சரக்கு என்று சொல்லவில்லை. ஹோட்டல் மேசைக்கு அதைத்தான் அடிப்பேன். ஆனால் ஏறிப்போக ஆளில்லாத, தண்ணீர் படாத ஒரு மச்சுக்கு அது எதற்கு? அங்கே அரக்கும் மெழுகும் போட்டேன். இன்னும் சில வருஷத்தில் மங்கும். ஆத்தாவிடம் சொல்லித்தான் போட்டேன்.

வருஷா வருஷம் பெருமாள் கோயில்களில் பவித்ரோத்சவம் நடக்கிறதே, அதுவும் இந்த வகைதான். அந்த வருஷம் பூசையில் நேர்ந்த குறைகளுக்கெல்லாம் ஈடு. குறை நேரும் என்பதை முன்னாலேயே காலண்டரில் போட்டு வைத்திருக்கிறார்கள். தப்பே வராது என்று நம்புகிறவன்தான் சுரண்டினால் திரும்பாத வேலையைச் செய்வான்.

இப்படியெல்லாம் பேசினால் சோம்பேறிக்கு வசதி என்று என் கூடப் படித்த ஒருவர் சொன்னார். எதையும் தொடாதே, கறை இருக்கட்டும் என்று காலை நீட்டிக்கொள்ளலாமே. இல்லை. கரையான் பிடித்த பலகையை வைத்துக்கொண்டு தத்துவம் பேச முடியாது. அறுத்து எறிந்துவிட்டுப் பழைய மரக்கடையில் அதே வயதுத் தேக்கு தேடி வந்து பொருத்த வேண்டும். அந்த வீட்டிலேயே ரெண்டு பலகை அப்படி மாற்றினோம். அந்தப் பி.யூ. படலத்தில் ஒரு விரல்கடை விடாமல் எடுத்தோம். தீங்கு செய்துகொண்டிருப்பதை முழுக்க எடுக்க வேண்டும். தீங்கு நின்றுபோன பிறகும் சுரண்டிக்கொண்டிருப்பதுதான் நோய். மனுஷர்களிடமும் இதைப் பார்க்கிறோம். மன்னிப்புக் கேட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, திருந்தியும் விட்ட ஒருவனிடம், பழைய கணக்கை எடுத்து எடுத்துத் தேய்த்துக்கொண்டே இருப்போம். அவன் தப்பு அதில் போகாது, அவன்தான் தேய்ந்துபோவான். அந்த வீட்டு அண்ணன் தம்பி என்ன ஆனார்கள் என்று கேட்காதீர்கள். பேசிக்கொள்வதில்லை. கல்யாணத்துக்கு மட்டும் சித்தப்பா வீட்டிலிருந்து ஆள் வந்து மொய் எழுதிவிட்டுப் போனார்களாம்.

இதைப் படிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஊர்க் கோயிலுக்குத் திருப்பணி என்று யாராவது ரசீதுப் புத்தகத்தோடு வாசலுக்கு வந்தால் முடிந்ததைக் கொடுங்கள். கொடுக்கும்போதே மூன்று விஷயம் கேளுங்கள். கல்லை எதை வைத்துச் சுத்தம் செய்யப் போகிறீர்கள்? கல்வெட்டுகளைப் படியெடுத்து, போட்டோவும் எடுத்தாயிற்றா? தூணுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா? பதில் சொல்லத் தெரியாதவர்களாக இருந்தால் அறநிலையத் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள், வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே. தொடங்கின பிறகு எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டுப் பிரயோசனமில்லை. மரத்திலாவது கொஞ்சம் சமாளிக்கலாம், கல்லில் போனது போனதுதான்.